புள்ளைகளுக்கு வாசிக்க பழக்கறப்ப நாம பண்ற தப்புக

போன லீவுல திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல எங்கக்கா பையன் "மாமா பெருந்துறை பஸ் வந்திருச்சு"ன்னு ஓடுனான், போர்டப் பாத்தா பெருமாநல்லூரு. ரெண்டாங்கிளாஸ். 'பெரு' வரைக்கும் படிச்சுப்போட்டு மிச்சத்த ஊகத்துல ஓட்டிட்டான். அவனத் தப்பு சொல்ல முடியாதுங்க, "மொத எழுத்தப் பாத்து சொல்லு சாமி, பொம்மையப் பாத்து சொல்லு சாமி"ன்னு ஊட்டுல பழக்குனதே நாங்கதான்.

எழுத்துன்னு ஒண்ணு வந்தே சுமார் 5000 வருசந்தான் ஆச்சு, அதனால வாசிக்கறதுக்குன்னு மூளைல பொறப்புலயே தனி எடம் கெடையாது. மொகம், பொருளெல்லாம் அடையாளங் கண்டுபுடிக்கற பகுதில, இடது பக்கம் அடியில ஒரு துண்ட, படிக்கப் படிக்க எழுத்துக்குப் பட்டா மாத்திக் குடுக்குது. 1892ல டெஜரின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் ஒரு கேஸ எழுதி வெச்சாரு, ஸ்ட்ரோக் வந்த அந்த ஆளு நல்லா பேசறாரு, எழுதறாரு, ஆனா தான் எழுதுனத தானே வாசிக்க முடியல. கண்ணுல பாத்த எழுத்து சொல்லா மாறற வழி அடைபட்டுப் போச்சு.

அந்தப் பட்டா சும்மா பாத்துட்டே இருந்தா மாறாது, எழுத்தும் சத்தமும் ஒட்டணும். சொல்ல முழுசா உச்சரிச்சு ஒரு சில தடவ படிச்சாத்தான் அப்புறம் பாத்த ஒடனே வாயில வரும். ஊகிக்கற பையனுக்கு 'மாநல்லூர்' பக்கம் கண்ணே போகலியே, எது ஒட்டும்?

"பத்து வாட்டி எழுது"ன்னு வுட்டா என்ன பண்றாங்கன்னு பக்கத்துல உக்காந்து பாருங்க, மேல இருந்து கீழ பத்து 'பெ', அப்புறம் பத்து 'ரு'. சொல்லே உருவாகல. எழுதறதுல தப்பில்ல, வாய்விட்டு சொல்லிட்டே ஒவ்வொரு சொல்லா எழுதணும்.

க கா கி கீன்னு பாட்டா ஒப்பிப்பாங்க, நடுவுல 'கூ'வத் தொட்டுக் கேட்டா முழிப்பாங்க. தமிழ்ல இன்னொரு வம்பு, கொம்ப மொதல்ல போடறோம், சத்தம் பின்னாடி வருது, அதனால 'பொ'வ கொம்பு, ப, கால்னு ஒடைக்காம ஒரே சத்தமா சொல்லிக் குடுங்க. கு, து, சு மூணுக்கும் வால் வேற வேற, அதத் தனியாத்தான் பழக்கணும்.

3-ங்கற எண்ண எடம் வலமா திருப்பிப் போட்டா அடிக்காதீங்க. டம்ளர எந்தப் பக்கம் திருப்பினாலும் டம்ளர்தான்னு பழகுன மூளை, அஞ்சாறு வயசுல இது சகஜம். அதே மாதிரி, டிஸ்லெக்சியாங்கற வாசிப்புக் கொறபாட்ட கண்ணாடி மாத்தி சரி பண்ண முடியாது, சிக்கல் பெரும்பாலும் சத்தத்தப் பிரிச்சு எழுத்தோட சேக்கறதுல. சோம்பேறின்னு திட்டறவங்களப் பாத்தாத்தான் எனக்கு ஆத்திரம் வருது.

எங்க பையன் இப்ப போர்டுல வெரல நீட்டி ஒவ்வொரு எழுத்தா வர்றான், 'ல்லூ'வுல கொஞ்ச நேரம் நிக்கறான். பாதி நாளு அதுக்குள்ள பஸ் போயிருதுங்க.