ஈ.ஐ. பணம் வராமல் நின்றால்: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருந்த நண்பர் ஒருவர், வேலை போய் ஏழு வாரமாகியும் ஈ.ஐ. எனப்படும் வேலையிழந்தோர் காப்புறுதிப் பணம் ஒரு சதம்கூட வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்திருந்தார். விண்ணப்பம் ஒழுங்காகவே போயிருந்தது. அதன் பின் தபாலில் வரவேண்டிய கடிதம்தான் அவர் கைக்கு வந்து சேரவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு, மேல்வாசலில் இருந்த சப்பாத்துத் தட்டைக் கிளறியபோது, பீட்சாக் கடை விளம்பரங்களுக்கும் தளபாடக் கடைத் துண்டுப்பிரசுரங்களுக்கும் நடுவே அந்த உறை உடைக்கப்படாமல் கிடந்தது. கடிதத்தின் மேற்பகுதியில் நிழலிட்ட கட்டத்துக்குள் அச்சிட்டிருந்த நான்கு இலக்க அக்செஸ் கோட் என்ற இரகசிய எண் இல்லாமல், ஈ.ஐ.க்காக இரு வாரத்துக்கொருமுறை கொடுக்க வேண்டிய அறிக்கையை அவரால் கொடுக்க முடியவில்லை. அறிக்கை போகாததால் பணமும் வரவில்லை. பல குடும்பங்களுக்கு ஒரே தபால்பெட்டி இருக்கும் வீட்டில் குடியிருப்பவர்கள், விண்ணப்பித்த நாளிலிருந்தே அந்தப் பெட்டியின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

ஈ.ஐ. என்பது அரசாங்கம் இரங்கிக் கொடுக்கும் உதவியல்ல. ஒவ்வொரு சம்பளத்திலிருந்தும் நம்மிடம் பிடித்த காப்புறுதிக் கட்டணத்தால் நடக்கும் திட்டம். 1940இல் சட்டமாகி, 1996இல் இன்றைய பெயரைப் பெற்ற இதைச் சேர்விஸ் கனடா என்ற அரசாங்கச் சேவைப் பிரிவு நடத்துகிறது. நீங்கள் வசிக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வரை காப்புறுதிக்குரிய வேலை செய்திருக்க வேண்டும். தகுதியிருந்தால் சராசரி வாரச் சம்பளத்தின் 55 வீதம், 2025இல் வாரத்துக்கு 695 டொலராக இருந்த உச்சவரம்புக்குள், 14 முதல் 45 வாரங்கள் வரை கிடைக்கும். சாதாரண விதிப்படி முதல் ஒரு வாரத்துக்குப் பணமில்லை. 2025இல் நடந்ததுபோல அரசாங்கம் அந்த ஒரு வாரத்தைத் தற்காலிகமாகத் தளர்த்துவதும் உண்டு. ஆவணங்கள் எல்லாம் சேர்ந்துவிட்டால், விண்ணப்பித்து 28 நாள்களுக்குள் முதல் கொடுப்பனவோ, கொடுக்க முடியாது என்ற அறிவிப்போ வர வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஆகவே இரண்டாவது வாரத்திலேயே பதறத் தேவையில்லை. ஐந்தாவது வாரமும் ஒன்றும் வரவில்லையென்றால், பணம் எங்கோ ஒரு முடிச்சில் சிக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த முடிச்சைத் தேடத் தொடங்குங்கள்.

பெரும்பாலும் அந்த முடிச்சு ஆர்.ஓ.ஈ. எனப்படும் வேலைப் பதிவுச் சான்றில்தான் இருக்கும். நம்மவர்களில் பலர் வந்த புதிதில் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறார்கள். ஒரு மாதம் பேக்கரியில், மூன்று மாதம் பொதி கட்டும் தொழிற்சாலையில், பிறகு வேறொரு ஏஜென்சி மூலம் களஞ்சியத்தில் என்று ஒரே வருடத்தில் மூன்று நான்கு முதலாளிகள் சேர்ந்துவிடுவார்கள். கடைசி 52 வாரங்களில் வேலை கொடுத்த ஒவ்வொருவரிடமிருந்தும் ஆர்.ஓ.ஈ. வந்தால்தான் உங்கள் மணித்தியாலங்கள் முழுமையாகக் கூடும். இப்போது பெரும்பாலானோர் அதை நேரடியாக மின்வழியில் சேர்விஸ் கனடாவுக்கே அனுப்புவதால் உங்கள் கையில் தாள் எதுவும் வராது; மை சேர்விஸ் கனடா என்ற இணையக் கணக்கைத் திறந்து, எத்தனை வந்திருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று வராவிட்டால் அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வேலை நின்ற கையோடு விண்ணப்பித்துவிட்டு, சம்பளத் துண்டுகளையும் முதலாளியிடம் எழுத்தில் கேட்டதற்கான சான்றையும் சேர்விஸ் கனடாவிடம் கொடுத்தால், ஆர்.ஓ.ஈ.யைப் பெறும் வேலையை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

வந்த ஆர்.ஓ.ஈ.யிலும் 16ஆவது கட்டத்தைக் கட்டாயம் பாருங்கள். வேலை நின்ற காரணம் அங்கே ஓர் எழுத்தாக இருக்கும்: வேலை குறைந்ததால் நிறுத்தப்பட்டவருக்கு ஏ, தானாக விலகியவருக்கு ஈ, முதலாளி விலக்கியவருக்கு எம். வேலை இல்லையென்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு ‘ஈ’ என்று போட்டுவிட்டால், நீங்களே வேலையை விட்டதாகக் கருதி உங்கள் கோப்பை விசாரணைக்கு ஒதுக்கிவிடுவார்கள். பணமும் அங்கேயே நின்றுவிடும். அந்த வேளையில் முதலாளியுடன் தொலைபேசியில் வாதாடிப் பயனில்லை. திருத்திய ஆர்.ஓ.ஈ. அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். “அடுத்த வாரம் வர வேண்டாம், ஓடர் இல்லை” என்று மேற்பார்வையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி கைபேசியில் இருந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். விசாரணை அதிகாரி அழைக்கும்போது அந்த ஒரு செய்தி பத்து வாக்கியங்களுக்குச் சமம். கைக்காசுக்குச் செய்த வேலைக்கு ஆர்.ஓ.ஈ.யும் இருக்காது, மணித்தியாலமும் ஏறாது. ஆனால் நீங்கள் ஊழியராகத்தான் வேலை செய்தீர்கள் என்று காட்ட முடிந்தால், அது காப்புறுதிக்குரிய வேலையா என்று சி.ஆர்.ஏ. எனப்படும் வருமானவரி நிறுவனத்திடம் அடுத்த ஆண்டு ஜூன் 29க்குள் தீர்ப்புக் கேட்கலாம்.

இன்னொரு முடிச்சு புதிதாக வந்தவர்களுக்கே உரியது. தற்காலிக அனுமதியில் இருப்பவர்களின் சின் எனப்படும் சமூகக் காப்புறுதி இலக்கம் 9இல் தொடங்கும். அதற்குக் காலாவதித் திகதியும் உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பித்த கையோடு சின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் புதிய இலக்கம் எடுத்து, அதை ஈ.ஐ. பிரிவுக்கும் அறிவிக்க வேண்டும். அனுமதியைப் புதுப்பித்துவிட்டோம், அதனால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று நம்பியிருந்து பணம் நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இரு வார அறிக்கையைத்தான். “இன்னும் ஏற்கவே இல்லை, பிறகு எதற்கு அறிக்கை?” என்று பலரும் கேட்கிறார்கள். நிலுவை என்பது ஏற்கப்பட்ட விண்ணப்பத்துக்குத் தானாக வந்து விழும் தொகை அல்ல. அறிக்கை கொடுத்த வாரங்களுக்கே அது கணக்கிடப்படும். விசாரணை மூன்று மாதம் இழுத்தாலும், இணையத்திலோ 1-800-531-7555 என்ற தானியங்கி எண்ணிலோ அறிக்கையைத் தவறாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள். உரிய நாளிலிருந்து மூன்று வாரத்துக்குமேல் கடந்துவிட்டால் இணையம் அதை ஏற்காது. அதன்பின் அழைத்து, ஏன் பிந்தியது என்று விளக்க வேண்டியிருக்கும். என் நண்பருக்கு நடந்ததும் அதுதான்: கடிதம் தாமதமாகக் கிடைத்த கதையைச் சொல்லி, அதிகாரி ஏற்றுக்கொண்ட பிறகே விடுபட்ட வாரங்களின் பணம் வந்தது.

நிலுவை வரும்போது கணக்கை ஒருமுறை கையாலும் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 400 டொலர் என்று தீர்மானிக்கப்பட்டவர் ஒன்பது வாரம் காத்திருந்தார் என்று வையுங்கள். முதல் வாரத்தைக் கழித்தால் எட்டு வாரம், 3,200 டொலர். அதில் வருமான வரி பிடிக்கப்பட்ட மீதியே வங்கிக்கு வரும். கணிசமாகக் குறைந்திருந்தால், ஏதாவது ஒரு வாரம் விடுபட்டிருக்கிறதா, விடுமுறைச் சம்பளமோ விலகல் தொகையோ வருமானமாகக் கணக்கிடப்பட்டு ஆரம்பத் திகதி தள்ளிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். காத்திருந்த காலத்தில் ஒன்டாரியோ வேர்க்ஸ் என்ற மாகாண அரசின் நிதியுதவி எடுத்தவர்கள், ஈ.ஐ. நிலுவை வந்தால் அதிலிருந்து அந்த உதவியைக் கழித்துக்கொள்ள ஒப்புதல் தந்து கையெழுத்திட்டிருப்பார்கள். அந்தப் பகுதி உங்களிடம் வராது. விண்ணப்பமே நான்கு வாரத்துக்குமேல் பிந்திவிட்டதென்றால், அதை முன்திகதியிட்டு ஏற்கும்படி கேட்க முடியும். ஆனால் பிந்திய காலம் முழுவதற்கும் நியாயமான காரணம் காட்ட வேண்டும். தெரியாமல் இருந்தேன் என்பது மட்டும் பெரும்பாலும் எடுபடாது.

அறிக்கையில் நம்மவர்கள் அதிகம் தவறு விடுவது வாரக் கணக்கில். ஈ.ஐ.யின் வாரம் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும். வேலை செய்த வாரத்திலேயே, பிடித்தங்களுக்கு முந்திய மொத்தச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். காசு கைக்கு வந்த வாரத்தில் அல்ல. பகுதி நேர வேலை செய்வதற்குத் தடையில்லை. முன்பு வாரம் 727 டொலர் உழைத்து, இப்போது 400 டொலர் ஈ.ஐ. பெறும் ஒருவர் ஒரு வாரம் 200 டொலருக்கு வேலை செய்தால், அதில் பாதியான 100 மட்டுமே கழிக்கப்பட்டு 300 கிடைக்கும். சம்பளத்தையும் சேர்த்தால் 500. அதாவது சொல்லி உழைப்பது லாபம். அதை மறைத்தவர்களின் விடயம் பிறகு சம்பளப் பதிவுகளை ஒப்பிடும்போது வெளிவந்துவிடும்.

பயணமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அம்மா இறந்துபோனார் என்று செய்தி வந்தால், அறிக்கையை யோசித்துக்கொண்டு யாரும் விமானம் ஏறுவதில்லை. நாட்டுக்கு வெளியே இருக்கும் நாள்களுக்குச் சாதாரண ஈ.ஐ. பொதுவாகக் கிடையாது, நெருங்கிய குடும்பத்தவரின் இறுதிச்சடங்குக்குப் போவதற்கு ஏழு தொடர்நாள்கள் விதிவிலக்காக உண்டு. எப்படியானாலும் பயணத்தைத் தெரிவிக்க வேண்டும். எல்லைச் சேவையின் வருகை, புறப்பாட்டுப் பதிவுகள் ஈ.ஐ. பிரிவுடன் பகிரப்படுகின்றன. ஊரில் இருந்தபடி கைபேசியில் “கனடாவில்தான் இருந்தேன்” என்று பதிலளிப்பது, இறந்த வீட்டுத் துயரத்தோடு பொய்யறிக்கைக் குற்றச்சாட்டையும் சேர்த்துச் சுமப்பதாகும்.

மோசடி இரண்டு வழியாக வருகிறது. வெளியிலிருந்து வருவது எளிதில் தெரியும்: “உங்கள் ஈ.ஐ. நிலுவை தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ள இதைத் தொடுங்கள்” என்ற குறுஞ்செய்தி, “உங்கள் சின் இலக்கம் இடைநிறுத்தப்பட்டது” என்று மிரட்டும் அழைப்பு. ஈ.ஐ. பணம் நேரடி வைப்பாகவோ காசோலையாகவோதான் வரும். இன்டராக் ஈ-ட்ரான்ஸ்ஃபராக வராது. கிஃப்ட் கார்டிலோ பிட்காயினிலோ எந்த அரசாங்க அலுவலகமும் பணம் வாங்குவதில்லை. மற்றது நமக்குள்ளிருந்தே வருகிறது. ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வணிக வளாகத்தில் மேசை போட்டு ஐம்பது டொலருக்குப் படிவம் நிரப்புகிறார் என்று வையுங்கள். அவரே உங்கள் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைத் தன் கொப்பியில் எழுதி, தன் கைபேசி இலக்கத்தையே பாதுகாப்பு இலக்கமாகப் பதிந்துவிட்டால், வங்கி விவரத்தை மாற்றும் அதிகாரமும் அவரிடம் போய்விடுகிறது. உதவி பெறுவதில் வெட்கமில்லை. ஆனால் அவர் பக்கத்தில் அமர்ந்து சொல்லட்டும், தட்டச்சு செய்வது உங்கள் விரலாக இருக்கட்டும். 2020 ஆகஸ்டில், வேறு தளங்களில் திருடப்பட்ட கடவுச்சொற்களைப் பயன்படுத்தி அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையப் பயன்படும் ஜிசிகீ கணக்குகள் 9,000க்கும் மேற்பட்டவற்றுக்குள் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே கடவுச்சொல்லை வைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேலையில் இருக்கும்போதே உங்கள் பெயரில் ஈ.ஐ. கடிதம் வந்தாலோ, எடுக்காத பணத்துக்கு ரி4ஈ என்ற ஈ.ஐ. வரிப் படிவம் வந்தாலோ, உங்கள் சின் இலக்கத்தில் வேறு யாரோ விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று பொருள். அன்றைக்கே 1-800-206-7218 என்ற எண்ணில் சேர்விஸ் கனடாவை அழைத்துக் கோப்பை முடக்கச் சொல்லுங்கள். பிறகு சி.ஆர்.ஏ.யிடமும் வங்கியிடமும் சொல்லுங்கள். பொலிஸில் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கம் பெறுங்கள். கனடிய மோசடி எதிர்ப்பு மையத்தில் 1-888-495-8501 வழியாகப் பதியுங்கள். எக்விஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் என்ற கடன்பதிவு நிறுவனங்கள் இரண்டிலும் எச்சரிக்கை போடச் செய்யுங்கள். திருத்திய ரி4ஈ வரும்வரை விடாதீர்கள், இல்லையென்றால் அந்தப் பணத்துக்கான வரியும் உங்கள் தலையில் விழும். சின் இலக்கம் மோசடிக்குப் பயன்பட்டதற்குச் சான்று இருந்தால் மட்டுமே புதியது தருவார்கள்.

சில வேளைகளில் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தாருங்கள் என்று கடிதம் வரும். சாதாரணமாக 36 மாதம் வரை, பொய் சொன்னதாகக் கருதினால் 72 மாதம் வரை அவர்கள் பின்னோக்கிப் பார்க்கலாம். தவறு உங்களுடையது என்று உங்களுக்கே தெரிந்தால், விசாரணை தொடங்குமுன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அப்போது தண்டப் பணம் இல்லாமல், பெற்றதை மட்டும் தவணையாகக் கட்டி முடிக்க வாய்ப்பு உண்டு. தவறு அவர்களுடையது என்றால், முடிவு தெரிந்த 30 நாள்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. அதுவும் பாதகமாக வந்தால் மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும். ஒன்டாரியோவில் வருமானம் குறைந்தவர்களுக்கு சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இலவசமாக உதவுகின்றன. ரொறன்ரோவில் தெற்காசியச் சட்ட உதவி நிலையத்தில் தமிழில் பேசலாம்.

மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போங்கள். வாக்குரிமை இல்லாவிட்டாலும் அங்கே வசிப்பவர் என்பது போதும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால், அலுவலக ஊழியர் உங்கள் சார்பில் சேர்விஸ் கனடாவிடம் விசாரிப்பார். போகும்போது ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள்: எந்தத் திகதியில் அழைத்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், எடுத்தவர் என்ன சொன்னார், எந்தெந்த வாரங்களுக்கு அறிக்கை கொடுத்து உறுதி எண் பெற்றீர்கள் என்று அதில் எழுதியிருந்தால், அந்த ஊழியர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு மேல் விடை அதிலேயே இருக்கும்.