பெட்டை நாய்க்குக் குறைந்த செலவில் கருத்தடை செய்விப்பது எப்படி

ஒட்டுசுட்டானில் எங்கள் ஒழுங்கையில் கறுப்பி மூன்றாம் தரம் ஈன்றபோது எட்டுக் குட்டிகள். மூன்று கடுவன்களையும் தோட்டக் காவலுக்கென்று வாங்கிப் போனார்கள். ஐந்து பெட்டைகளை ஒருவரும் கேட்கவில்லை. அவற்றில் இரண்டை யாரோ சந்தையடியில் விட்டுவிட, ஒன்று மாங்குளம் றோட்டில் அடிபட்டுக் கிடந்ததை நானே கண்டேன். அதற்குப் பிறகுதான் கருத்தடைக்கு அலைந்தேன். அந்த அலைச்சலில் அறிந்ததை எழுதுகிறேன்.

பெட்டை நாய் பெரும்பாலும் வருசத்தில் இரண்டு தரம் வேட்கைக்கு வரும். சினை 63 நாள் அளவில். பூனையோ தன் குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். ஆகவே ஆறு மாதமளவில், முதல் ஈற்றுக்கு முன்பே செய்வியுங்கள். ஒரு ஈற்றாவது போடட்டும் என்று ஆச்சிமார் பாசத்தில் சொல்வார்கள். அதனால் நாய்க்கு நன்மை ஒன்றுமில்லை. கருத்தடை செய்யாமல் விட்டு, வயது போன பிறகு கருப்பையில் சீழ் பிடித்தால் செலவும் கூட, உயிருக்கும் ஆபத்து.

முதலில் உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள். அது மாட்டுக்கு மட்டும் என்று நினைத்து நாங்கள் பல வருசம் அந்தப் பக்கமே போகவில்லை. இங்கே சத்திரசிகிச்சை செய்வீர்களா, இல்லையென்றால் முகாம் ஏதும் வருமா, மயக்க மருந்து, ஊசி, நூல் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட வருகிறவர்களிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு வையுங்கள். காசில்லை என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

தனியாரிடம் போவதென்றால், பல நாய்களைச் சேர்த்துக் கொண்டுவந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்கலாம். நாங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் கிழமைக்கு 100 ரூபாயாகச் சேர்த்தோம். ஏழு வீட்டு நாய்களும் ஒரே லான்ட்மாஸ்டர் பெட்டியில், தனித்தனியே கட்டப்பட்டுப் போனதால் ஓட்டோக் காசு மிச்சம். பூனையென்றால் இரண்டு மரக்கறிக் கூடைகளை வாயோடு வாய் வைத்துக் கட்டி அதற்குள் விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் காசு போதாவிட்டால் பெட்டைகளை முதலில் அனுப்புங்கள். கடுவனுக்கு வயிறு திறக்கத் தேவையில்லை, செலவும் குறைவுதான். ஆனால் மிஞ்சி நிற்கிற ஒரு கடுவன் போதும், ஒழுங்கையில் உள்ள பெட்டைகள் எல்லாம் சினைப்பட.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்துங்கள். காலையில் பாண் துண்டுகூட வேண்டாம். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது சுவாசக் குழாய்க்குள் போய்விடும். சின்னக் குட்டி அவ்வளவு நேரம் பட்டினி கிடக்கக் கூடாது, டொக்டர் சொல்லும் நேரத்தைப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு 14 நாள் கவனம். நான் கறுப்பியை மாமரத்தடியில் கட்டினேன். இரண்டாம் நாள் மழை; காயம் நனைந்து சீழ் பிடித்து, மறுபடி ஊசிக்குச் செலவு. குசினிப் பக்கம், கூரைக்குக் கீழே, உலர்ந்த சாக்கில் படுக்க விடுங்கள். நக்காமலிருக்கப் பழைய ரீசேர்ட்டின் கைகளுக்குள் முன்னங்கால்களை விட்டு முதுகில் முடிச்சுப் போடலாம். சாம்பலோ மஞ்சளோ பூசாதீர்கள். இலையான் மொய்த்தால் புழு வைத்துவிடும்; காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள். வலிக்கென்று வீட்டிலிருக்கும் பனடோலைக் கொடுக்கவே கூடாது. பூனையைக் கொல்ல அரைக் குளிசையே போதும்.

கருத்தடை செய்த கடுவனை ஒரு மாதமளவுக்குப் பெட்டைகளிடம் விடாதீர்கள். உள்ளே மிஞ்சிய விந்தால் இன்னும் சினைப்படுத்த முடியும்.