மணலி ஆலைகளில் தொழிலாளர்களைப் படமெடுக்கும் முறை

மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் நிறுவனங்களுக்காகப் படமெடுக்கச் செல்பவர், பையைத் திறப்பதற்கு முன்பே பாதுகாப்பு அதிகாரியைச் சந்தித்து, எரிவாயு கசியக்கூடிய இடங்களில் ஃபிளாஷுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கூரை விளக்குகளே கதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன; கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வைத்தால் படத்தில் இருண்ட பட்டை விழாது. 1/50-இல் அசையும் கை சற்றுக் கலங்கும். வேலையின் வேகத்தைக் காட்ட எனக்கு அதுவே பிடிக்கும்.

ஓயாத தொல்லை, தலைக்கவசத்தின் விளிம்பு கண்கள்மேல் போடும் நிழல்தான். தொழிலாளரை ஷட்டர் கதவருகே நிற்கச் சொன்னால், வெயில் பட்ட சிமென்ட் தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கீழிருந்து ஏறி, நிழலைக் கரைத்து, புருவத்து வியர்வையைக்கூடத் தெளிவாகக் காட்டும். தாடைப்பட்டை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக் கவனிக்காமல் நான் எடுத்த அரைநாள் படங்களை ஒரு நிறுவனம் அப்படியே நிராகரித்தது.

கேமராவைப் பார்த்து விறைப்பவரிடம், "அண்ணே, நீங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். ஸ்பானரை அவர் மறுபடி இறுக்கத் தொடங்கும்போது எடுக்கலாம்.