பேக் கவர் வாங்கும்போது முதுகைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள்

போன மாதம் அம்மாவின் போன் சமையல் மேடையிலிருந்து விழுந்தது. மூன்றடி உயரம்கூட இருக்காது. நல்ல தடிமனான பேக் கவர், மேலே டெம்பர் கிளாஸ், எல்லாம் இருந்தும் டிஸ்ப்ளே போய்விட்டது. கவரைக் கழற்றிப் பார்த்தேன். முதுகு தடிமனாக இருந்தது. போன் தரையில் மோதிய மூலையோ காகிதம் போல மெலிசு. அடுத்த கவரை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. மாடலின் முழுப் பெயர்

செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மாவுடையது ரெட்மி நோட் 10. 2021இல் அதே பெயரோடு 10எஸ், 10டி 5ஜி, 10 ப்ரோ எல்லாம் வந்தன. நோட் 10இன் நீளம் 160.5 மி.மீ., 10டி 161.8, ப்ரோ 164. “எல்லாம் ஒண்ணுதான் சார், போடுங்க” என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். இழுத்து மாட்டிய கவர் பக்கவாட்டு பவர் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் போன் தானாக ஆஃப் ஆகலாம்.

2. எந்தப் பொருள்

என் ஓட்டு டிபியூ (TPU) என்ற வளையும் பிளாஸ்டிக் வகைக்கு. ரப்பர் போல வளையும், பிளாஸ்டிக் போல வடிவம் நிற்கும். சிலிக்கான் கையில் வழுக்காது. ஆனால் தூசியும் நூலும் ஒட்டும், சட்டைப்பையிலிருந்து எடுக்கும்போது பையும் கூடவே வெளியே வரும். வெறும் கெட்டி பிளாஸ்டிக் கவர் கீறலைத் தடுக்கும், அடியைத் தாங்காது. ஃப்ளிப் கவர் வேண்டாம் என்பேன். பேசும்போது மூடியை மடக்கிப் பிடித்திருப்போம்; கை நழுவுவது அப்போதுதான்.

3. விளிம்பும் மூலையும்

நான் தவறவிட்ட இடம் இது. கவரின் விளிம்பு திரையைவிடக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். முதல் கவர் வாங்கியபோது கடையில் வெறும் போனில் மாட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வீட்டுக்கு வந்து டெம்பர் கிளாஸ் ஒட்டினேன். 0.33 மி.மீ. கிளாஸ்தான், ஆனால் விளிம்பின் உயரம் முழுவதையும் அது தின்றுவிட்டது.

அதனால் கிளாஸ் ஒட்டிய போனோடு கடைக்குப் போங்கள். கவரை மாட்டி, திரை கீழே இருக்கும்படி மேசைக் கண்ணாடியில் வைத்து, நடுவே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் அந்தக் கவரை எடுக்கலாம். திருப்பி வைத்தால் கேமரா கண்ணாடியும் மேசையில் படக் கூடாது. பிறகு நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட அங்கே தடிமனாக இருந்து, லேசாக அமுங்கி மீள வேண்டும்.

இன்னொன்று. ஓரம் வரை மூடும் கிளாஸ் என்றால் கவர் அதை நெம்பித் தூக்கிவிடும். எனக்கு இரண்டே நாளில் ஓரத்தில் காற்று புகுந்து, பின்னாலேயே தூசியும் புகுந்தது. இப்போது கவரை மாட்டிவிட்டு, சுற்றிலும் கொஞ்சம் இடம் விடும் கிளாஸாகப் பார்த்து ஒட்டுகிறேன்.

4. ‘மிலிட்டரி கிரேடு’

அட்டையில் மில்-எஸ்டிடி-810 என்று போட்டிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறை அது. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. அதன்படி 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும், அதை ஐந்து பொருட்கள் வரை பிரித்துக்கொள்ளலாம். விழுவதும் பெரும்பாலும் ஒட்டுப்பலகை மேல், நம் வீட்டு மொசைக் தரையில் இல்லை. அந்த எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கண்ணாடி போன்ற கவர் மஞ்சளாகிறதே, எதில் கழுவலாம்? வெயிலும் சூடும் அந்தப் பொருளையே மாற்றிவிடுவதால் வரும் நிறம் அது, கழுவினால் போகாது. கறுப்பு வாங்குங்கள்.

பைக் ஸ்டாண்டுக்காகக் கவருக்குள் இரும்புத் தகடு வைத்தவருக்கு வயர்லெஸ் சார்ஜ் ஏறவில்லையாம். தகடுதான் காரணம், எடுத்துவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

கவர் போட்டும் போன் முதுகில் கீறல் எப்படி? உள்ளே மாட்டிக்கொண்ட மணல். வாரம் ஒருமுறை கவரைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.