மலைத்தோட்டப் பாதைக்கு ஒரு சாதாரண பிக்கப்: வாங்குவதும் ஆயத்தம் செய்வதும்

கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் கிடைப்பதால், குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கும் மாறாமலையின் கிராம்புத் தோட்டங்களுக்கும் ஏறும் மண்பாதைகள் பல மாதங்கள் ஈரம் காயாமலே கிடக்கின்றன. இந்தப் பாதைகளில் ஏறி இறங்க விலை உயர்ந்த வண்டி தேவையில்லை. சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) உறுதியான ஒரு சாதாரண பிக்கப், அதற்கேற்ற டயர், சேற்றில் சிக்கினால் மீட்கும் சாமான்கள் என்ற வரிசையில் பணத்தைச் செலவிட்டால் போதும்.

பழைய வண்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, அது இதுவரை எதைச் சுமந்தது என்பதைத்தான். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால், பெட்டிகளிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் சேஸிஸின் மேல் வடிந்திருக்கும். வெளியே புது பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே இரும்பு அரித்துப்போயிருக்கும். வண்டியின் அடியில் படுத்து, பின்பக்கக் கமான் பட்டைகள் (சுமையைத் தாங்கும் வில்போன்ற இரும்புப் பட்டைகள்) சேஸிஸோடு சேரும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிப்பதோடு துருச் செதில்களும் உதிரும். உதிர்ந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம். ரப்பர் தடி ஏற்றித் தளர்ந்த கமான் பட்டையை மாற்றிவிடலாம். அரித்த சேஸிஸை அப்படி மாற்ற முடியாது.

பொலிரோ கேம்பர், டாடா யோதா போன்றவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் ஃபோர் வீல் டிரைவ் வகைகளும் வந்துள்ளன. தோட்டத்துக்குள் செங்குத்தான ஏற்றம் இருந்தால் அவற்றைத் தேடி வாங்குவது நல்லது. ஆனால், தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரத்தை இணைக்கும் இவ்வகை வண்டியை, காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டக் கூடாது. முன்னும் பின்னும் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடமில்லாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். பின்சக்கர இயக்கம் மட்டுமுள்ள வண்டி காலியாக ஏறும்போது பின்புறம் எடையின்றிச் சக்கரம் வீணாகச் சுழலும். பின் அச்சுக்கு நேர் மேலே சில மணல் மூட்டைகளை அசையாமல் கட்டினால் பிடிமானம் நன்றாகவே கூடும்.

டயரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. சாலை டயரின் மெல்லிய வெட்டுகளில் செம்மண் அப்பிக்கொண்டால் அது வழுவழுப்பான உருளையாகிவிடும். ஆல் டெரெய்ன் டயரின் அகன்ற வெட்டுகள் சுழலும்போதே சேற்றை உதறிவிடும். அளவு வண்டியைத் தயாரித்த ஆலை குறித்தபடியே இருக்கட்டும். டயர் தாங்கும் எடையைக் காட்டும் சுமைக் குறியீடு அதைவிடக் குறையவே கூடாது. டயருக்கு இணையாக முக்கியமானது காற்று. காலி வண்டியில், ஆலை குறித்த அழுத்தத்தில் கால் பங்கைக் குறைத்தாலே டயர் தரையில் நீளமாகப் படிந்து, முன்பு சுழன்ற இடத்தில் பற்றி ஏறும். அந்த நிலையில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். சுமையோடு இருக்கும்போது இப்படிக் குறைக்க வேண்டாம். தார்ச்சாலையைத் தொடுவதற்கு முன் மீண்டும் காற்றடிக்காவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறு கம்ப்ரெஸரும் காற்றளக்கும் மீட்டரும் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

மீட்பதற்கு, சேஸிஸோடு போல்ட் போட்டு இணைத்த கொக்கிகள் முன்னும் பின்னும் தேவை. பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர் பிய்ந்து ஆள்மேல் பாயும். வண்டியின் எடையைத் தாங்கும் பட்டைக் கயிற்றையே வாங்குங்கள். இழுக்கும்போது அதன் நடுவில் நனைந்த சாக்கைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஜாக்கி சேற்றில் புதையாமலிருக்க அதன் அடியில் வைக்கத் தடித்த பலகை, மண்வெட்டி, வெட்டுகத்தி, கைரம்பம் ஆகியவையும் வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் ரப்பர் மரங்கள் பாதைகளின் குறுக்கே விழுந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு ரம்பத்தின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரும்புக் குழாய் கிராஷ் கார்டு, உயர்த்திய சஸ்பென்ஷன், அளவு மீறிய சக்கரம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவை சுமைத்திறனைத் தின்பது ஒருபுறமிருக்க, ஆலை வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகக் கூறியிருக்கிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்குவதிலும் சிக்கல் வரும்.

இறக்கத்தில், ஏறிய அதே கியரிலேயே இறங்க வேண்டும். இடையில் கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி போய்விடும். ஓடை குறுக்கிட்டால் முதலில் ஆள் இறங்கி நடந்து பார்க்கட்டும். தண்ணீர் அச்சின் நடுவுக்கு மேல் இருந்தால் காத்திருப்பதே முறை. மேடேறிச் சூடான டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள கியர் பெட்டி) குளிர்ந்த நீரில் இறங்கும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலுள்ள மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே அந்தக் குழாயை ரப்பர் டியூப் போட்டு உயரே நீட்டிவிடுங்கள். ஓடையைக் கடந்த மறுநாள், டிஃபரன்ஷியலின் அடைப்பைத் திறந்து எண்ணெயைப் பாருங்கள். அது பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால், அடுத்த சுமை ஏற்றும் முன்பே மாற்றிவிட வேண்டும்.