எம்ஜிபி காரின் பின்பக்கத்தில் எழும் 'டொக்' ஓசை: காரணத்தைக் கண்டறியும் முறை

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரில், கிளட்சை விட்டு வண்டி நகரத் தொடங்கும் கணத்திலும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதும், ரிவர்சிலிருந்து முதல் கியருக்கு மாறும்போதும் பின்பக்கத்திலிருந்து 'டொக்' என்று ஓர் இடி கேட்பது மிகப் பரவலான குறை. இதைக் கேட்ட உடனே டிஃபரன்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் இழுவிசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) போய்விட்டது என்று முடிவு கட்டி, முழு ஆக்ஸிலையும் இறக்கி மாற்றுவோர் பலர். அந்தச் செலவுக்குப் பிறகும் ஓசை அப்படியே இருப்பது உண்டு, ஏனெனில் கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எஞ்சின் முதல் டயர் வரை உள்ள ஒவ்வோர் இணைப்பிலும் தேய்மானத்தால் சிறிது ஆட்டம் சேர்ந்திருக்கும். இழுவிசையின் திசை மாறும்போது அந்த ஆட்டங்கள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக இறுகி முடிகிற இடத்தில்தான் இடி எழுகிறது.

ஆகவே, எந்த இணைப்பில் எவ்வளவு ஆட்டம் என்று தனித்தனியாகப் பிரித்தறிவதே முதல் வேலை. இந்தக் காரின் டிஃபரன்ஷியல் விகிதம் பெரும்பாலான மாதிரிகளில் 3.9:1 ஆக இருப்பதால், சக்கரப் பக்கம் ஒரு பாகை ஆட்டம் இருந்தால் அது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு இழுவிசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் ஏறத்தாழ நான்கு பாகையாகத் தெரியும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிப் பார்த்து இவ்வளவு லூஸா என்று அஞ்சுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

காரைத் தூக்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுவை மாறும் கணத்தில் ஒருமுறை மட்டும் இடித்தால் அது மேலே சொன்ன ஆட்டம்; வேகத்தோடு சேர்ந்து விட்டுவிட்டு ஒலித்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனைகளில் மடங்கிக்கொடுக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டையும் ஸ்போக் சக்கரத்தையும் ஐயுற வேண்டும்; கிளட்சோடு தொடர்பே இல்லாமல் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் கேட்டால் அது ஷாக் அப்சார்பரின் இணைப்புக் கம்பி, அதன் ரப்பர், அல்லது அதைப் பிடித்திருக்கும் போல்ட். கடைசியாகச் சொன்னது டிரைவ்லைன் (எஞ்சினிலிருந்து சக்கரம் வரை இழுவிசை செல்லும் பாதை) கோளாறே அல்ல என்பதால் அதை முதலிலேயே விலக்கிவிடுவது நல்லது.

பிறகு சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளை பாடிக்கு அடியில் வைக்காமல் ஆக்ஸில் குழாய்க்கு அடியில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஆக்ஸில் கீழே தொங்காமல், சாலையில் ஓடும்போது இருக்கும் அதே கோணத்தில் ஷாஃப்ட் நிற்கும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கு அடியில் போகக் கூடாது.

சோதனையைச் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஸ்போக் சக்கரம் பூட்டிய எம்ஜிபியில், ஹப்பின் (சக்கரம் மாட்டப்படும் நடுக்குடம்) வெளிப்புறமும் சக்கரத்தின் உட்புறமும் பல் வெட்டிய ஸ்ப்லைன்களால் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நடுவிலுள்ள ஒற்றை நட்டு அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சக்கரத்தை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் திருக வேண்டும். பிரேக் டிரம் ஹப்போடு சேர்ந்து நிற்பதால், டிரம் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் தேய்ந்தது ஸ்ப்லைன்தான். இதில் ஐயத்துக்கே இடமில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும்போது பல்லின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். அது கூராகிவிட்டிருந்தால் ஹப், சக்கரம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஹப்பில் புதுச் சக்கரத்தை மாட்டினால் புதியதும் விரைவில் தேய்ந்துவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ஸ்ப்லைன் முற்றிலும் அறுந்தால் இழுவிசை மட்டுமல்ல, டிரம் ஹப்பில் இருப்பதால், அந்தச் சக்கரத்துக்கு பிரேக்கும் இல்லாமல் போகும்.

நடு நட்டின் மரைத் திசையையும் அப்போதே பார்த்துவிடலாம். கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் எந்தத் திசையில் சுழலுமோ அந்தத் திசையில் திருப்பினால்தான் நட்டு கழல வேண்டும். யாரேனும் ஹப்புகளை இடம், வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நட்டு ஓட்டத்திலேயே தளரும். சாதாரண இரும்புச் சக்கரமோ ரோஸ்டைல் என்ற அலங்கார இரும்புச் சக்கரமோ பூட்டிய காரில் இந்தச் சோதனைகளுக்கு வேலையில்லை. சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு ஜாயின்ட்டின் இரு பக்கத்தையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருக வேண்டும். மேலும் கீழும் தள்ளியும் பார்க்க வேண்டும். கண்ணுக்கோ கைக்கோ தெரிகிற அளவு ஆட்டம் இருந்தாலே அந்த ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவ கிராஸை மாற்றிவிடலாம். கிராஸின் முனைகளை மூடும் கிண்ணங்களின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே நீடில் பேரிங்குகள் கிரீஸின்றி அரைபடுகின்றன என்று பொருள். ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைவதற்காக உள்ள நழுவு இணைப்பும் கிரீஸ் வறண்டால் சிக்கிச் சிக்கி நழுவி இடிக்கும். ஷாஃப்ட்டை இணைக்கும் தட்டுகளான ஃபிளாஞ்சுகளின் போல்ட்டுகள் அனைத்தையும் இறுக்கிப் பார்க்க மறக்கக் கூடாது.

இனி டிஃபரன்ஷியல். இங்கே இரண்டு சோதனைகளைச் சேர்த்துச் செய்தால்தான் தெளிவு கிடைக்கும். முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில், பின் ஃபிளாஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டு, அது முன்னும் பின்னும் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டோடு சுழலும் பினியன் என்ற பல்சக்கரத்துக்கும் அது சுழற்றும் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்கும் இடையிலான ஆட்டம், உள்ளே உள்ள சிறு கியர்களின் ஆட்டம், ஆக்ஸில் ஷாஃப்ட் ஸ்ப்லைன்களின் ஆட்டம் ஆகிய மூன்றும் இதில் கலந்திருக்கும். அடுத்து ஹேண்ட் பிரேக்கை விட்டு, எஞ்சின் நின்ற நிலையில் டாப் கியரைப் போட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். பினியன் பிடிபட்டிருப்பதால் மறு சக்கரம் எதிர்த் திசையில் சுழலும். திருப்பும் திசையை மாற்றியதும், மறு சக்கரம் அசையத் தொடங்குவதற்கு முன் கை வெறுமனே நகரும் தூரத்தைக் கவனிக்க வேண்டும். அந்தத் தூரம் மிகுதியாக இருந்தால் குற்றம் பெரும்பாலும் கிரௌன் வீலில் இல்லை. சிறு கியர்களுக்குப் பின்னால் உள்ள த்ரஸ்ட் வாஷர்கள் (கியர்களை இடம் நகராமல் தாங்கும் மெல்லிய வளையங்கள்) தேய்ந்துவிட்டன.

இந்த வாஷர்கள்தாம் எம்ஜிபியின் பழைய நோய். விலை மலிவு, ஆனால் தேய்ந்து மெலிந்ததும் கியர்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, திசை மாறும் ஒவ்வொரு முறையும் பல்லோடு பல் மோதும். 1967 வாக்கில் கைவிடப்பட்ட பேஞ்சோ வகை ஆக்ஸில் உள்ள, மேற்கூரை திறக்கும் பழைய கார்களில் டிஃபரன்ஷியலை முன்பக்கமாகக் கழற்றி மேசையில் வைத்துச் செய்யலாம். அதற்குப் பிந்திய கார்களிலும், 1965இல் வந்த ஜிடி கூப்பே அனைத்திலும் உள்ள குழாய் வகை ஆக்ஸிலில், ஹவுசிங்கை விரிக்கும் சிறப்புக் கருவி இல்லாமல் டிஃபரன்ஷியலை வெளியே எடுக்க முடியாது. ஆனால் எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பின்மூடியைத் திறந்து எண்ணெயை வடித்து, ஹப்புகளையும் பிரேக் பின்தகடுகளையும் கழற்றி, இரு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளையும் வெளியே இழுத்து, சிறு கியர்கள் சுழலும் நடு அச்சைப் பிடித்திருக்கும் ரோல் பின் என்ற சிறு ஆணியைத் தட்டி எடுத்தால் அச்சு வெளியே வரும். சிறு கியர்களைச் சுழற்றித் திறப்புக்குக் கொண்டுவந்து வாஷர்களை அங்கேயே மாற்றிவிடலாம். இதைத் தெரியாமல் நல்ல கிரௌன் வீலோடு கூடிய ஆக்ஸிலைத் தூக்கி எறிவதைப் பார்க்கத்தான் மனம் பொறுக்கவில்லை.

டிஃபரன்ஷியலைத் திறக்கும் முன் இன்னும் ஓர் இடத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆக்ஸிலை லீஃப் ஸ்பிரிங்கோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலோ, அவற்றுக்கு நடுவிலுள்ள ரப்பர் அட்டைகள் நசுங்கிப் போயிருந்தாலோ, இழுவை வரும்போது ஆக்ஸில் முழுவதுமே முறுக்கிக்கொண்டு இடிக்கும். ஸ்பிரிங்கின் முன் புஷ்ஷும் (ரப்பர் உறை), பின் முனையைத் தாங்கும் ஷேக்கிளின் புஷ்களும் வெடித்திருக்கின்றனவா என்று கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பார்க்கலாம். எஞ்சின், கியர்பாக்ஸ் மவுன்டிங் ரப்பர்களையும் இவ்வாறே பார்க்க வேண்டும். ரப்பர் தகட்டை விட்டுப் பிரிந்திருந்தால் இடி பின்னால் கேட்பதுபோலத் தோன்றினாலும் முன்னால்தான் பிறக்கிறது.

வேலை முடிந்து பூட்டும்போது, குழாய் வகை ஆக்ஸிலின் ஹப் நட்டை 150 அடி-பவுண்டுக்கு, அதாவது சுமார் 200 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். இது தளர்ந்திருந்தால் ஹப்பே ஷாஃப்ட்டில் ஆடி அதே ஓசையை மறுபடி எழுப்பும். பிறகு டிஃபரன்ஷியலுக்கான இபி 90 ஹைப்பாய்டு கியர் எண்ணெயை நிரப்பு துளையின் விளிம்பு வரை ஊற்றி, பிரேக் குழாய்களைக் கழற்றியிருப்பதால் காற்றை வெளியேற்றி, பெடல் உறுதியாக நிற்பதைப் பார்த்த பின்னரே காரைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.