ஜப்பானியப் பல்லக்கைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்

அருங்காட்சியகத்தில் ஜப்பானின் எடோ காலத்துப் (1603–1868) பெண்கள் பல்லக்கு ஒன்று கண்ணில் பட்டால், கறுப்பு மேல் தங்கப் பூ, அழகாக இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். பத்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

அறை மங்கலாகத்தான் இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு அரக்குப் பூச்சு பாழாகும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள், அதனால் பிளாஷ் வேண்டாம், கண் பழகும் வரை கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் பக்கவாட்டில் போய், பல்லக்கின் சுவர் மட்டத்துக்குக் கண் வரும்படி குனிந்து மெதுவாக நகருங்கள். வெளிச்சம் அதன் மேல் வழுக்கிப் போகும்போதுதான் எந்த இலை தட்டை, எது புடைத்து நிற்கிறது என்று தெரியும். ஈர அரக்கால் கோலத்தை வரைந்து, அது இறுகுவதற்குள் தங்கப் பொடியைச் சின்னக் குழாயிலிருந்து தட்டித் தட்டித் தூவியிருக்கிறார்கள். இந்த வேலைக்கு மாக்கி-எ என்று பெயர், ‘தூவிய ஓவியம்’ என்றே பொருள்.

அரக்கு என்றதும் நம் ஊர் அரக்கை நினைக்க வேண்டாம். நம்முடையது பூச்சி தருவது, இது உருஷி என்ற மரத்தின் பால். முந்திரி, சேங்கொட்டை குடும்பத்து மரம்தான், பச்சைப் பால் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது வெயிலில் காய்வதில்லை, ஈரக்காற்றில்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகி, அதைத் தேய்த்து, மறுபடி அடுத்த பூச்சு என்று எத்தனை நாள் பொறுமை பாருங்கள்!

சரி, அடுத்து குடும்ப முத்திரைகளைத் தேடுங்கள். மூன்று இலைகள் ஒரு வட்டத்துக்குள் இருந்தால் அது தொகுகாவா குடும்பம், அன்றைக்கு ஜப்பானை ஆண்ட ஷோகன் என்ற படைத்தலைவர்களின் குடும்பம். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அட்சுஹிமேயின் பல்லக்கில் அதோடு பியோனிப் பூ முத்திரையும் உண்டு. 1856-இல் ஷோகன் இயேசாதாவை மணப்பதற்காக அவளைக் கொனோயே குடும்பம் தத்தெடுத்தது, அந்தக் குடும்பத்தின் பூ அது. போகும் வீடும் அனுப்பிய வீடும் ஒரே சுவரில்.

கடைசியாக, கதவு திறந்திருந்தால் உள்ளே பாருங்கள். இந்த மாதிரிப் பல்லக்குகளில் தங்கப் பின்னணியில் கெஞ்சி என்ற பழைய ஜப்பானியக் கதையின் காட்சிகளோ மரமும் பறவையுமோ வரைந்திருப்பார்கள். கதவு மூடிய பிறகு, உள்ளே காலை மடித்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைத் தவிர யாரும் பார்க்க முடியாத ஓவியம். இன்னும் கொஞ்சம் குனிந்தால் கூரையின் உட்புறமும் தெரியும், சிலவற்றில் அங்கேயும் பூக்கள் இருக்கும்.